கார்புரேட்டரை மாற்றும் முன்

1964 மார்ச் மாத ‘கார் அண்ட் டிரைவர்’ இதழின் அட்டையில் இரண்டு கார்கள் மோதின. ஒன்று இத்தாலியின் ஃபெராரி ஜிடிஓ. மற்றொன்று அதே பெயரைக் கூசாமல் எடுத்துச் சூட்டிக்கொண்ட மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் ஜிடிஓ. ஃபெராரி சோதனைக்குக் கிடைக்கவே இல்லை. அட்டையில் இருந்தது வரைந்த படம். பாண்டியாக் மட்டும் ஓடியது. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை அது 4.6 விநாடியில் தொட்டதாக இதழ் எழுதியது. ஒரு தலைமுறை அமெரிக்க இளைஞர்கள் பாண்டியாக் ஷோரூம் வாசலில் போய் நின்றதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம்.

அதன் பின்னணி பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. பாண்டியாக் விளம்பரங்களைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் தன் நினைவுக் குறிப்பில் அதைப் போட்டு உடைத்தார். சோதனைக்குப் போன காரில் இருந்தது ஜிடிஓவுக்கு உரிய 389 கன அங்குல என்ஜினே அல்ல. 421 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.9 லிட்டர் என்ஜினைச் சத்தமில்லாமல் உள்ளே இறக்கியிருந்தார்கள். வண்டியைத் தயார்செய்தது மிச்சிகனின் ராயல் ஓக் ஊரிலிருந்த ராயல் பாண்டியாக் என்ற விற்பனை நிலையம்.

அந்தத் தில்லுமுல்லு இருக்கட்டும். இங்கே பேச வேண்டியது அதே கடை நேர்மையாக விற்ற இன்னொரு சரக்கைப் பற்றி. ‘ராயல் பாப்கேட்’ என்ற பெயரில் அவர்கள் ஒரு ட்யூனிங் கிட் விற்றார்கள். கம்ப்ரஷனைச் சற்று ஏற்ற மெல்லிய ஹெட் கேஸ்கட், இன்டேக் மேனிஃபோல்டுக்குச் சூட்டுப் புகை ஏறும் வழியை அடைக்கும் கேஸ்கட், இருக்கிற கார்புரேட்டருக்கே கொஞ்சம் பெரிய ஜெட், டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் சீக்கிரம் எழும்படி ஒரு மாற்றம், வால்வு ராக்கர்களுக்குப் பூட்டு நட்டு. அநேகமாக அவ்வளவுதான். ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். அதில் புதுக் கார்புரேட்டர் கிடையாது, பளபளக்கும் குரோமியம் கிடையாது. ஆனால் பாப்கேட் செய்த ஜிடிஓவும் செய்யாத ஜிடிஓவும் ஒரே வண்டி என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

இன்று பழைய மசில் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகப் போகிறார். வண்டி வீடு வந்து சேர்ந்த வாரமே பெரிய கார்புரேட்டர், அகலமான ஏர் கிளீனர், தெருவையே எழுப்பும் சைலன்சர் என்று வரிசையாக ஆர்டர் போகிறது. இந்த வரிசை தப்பு. 50, 60 வயதான கார்புரேட்டர் வண்டியில் முதல் பணம் ஏற்கெனவே உள்ளே இருப்பதைச் சரியாக ஓடவைக்கவும், ஓடுவதை நிறுத்தவும் போக வேண்டும். வாங்கித் திணிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மசில் கார் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நடுத்தர உடம்பில் பெரிய வி8 என்ஜின். நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது என்று பாண்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையிடம் ஒரு விதி வைத்திருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் சகாக்களும் 389-ஐத் தனி மாடலாகக் காட்டாமல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதி என்று பட்டியலில் சேர்த்து விதியைத் தாண்டினார்கள். முதல் ஆண்டிலேயே 32,000-க்கும் மேல் விற்றது. பிறகு செவல், சார்ஜர், ரோட் ரன்னர் என்று மற்றவர்களும் ஆளுக்கொன்றாக இறங்கினார்கள். தமிழ்நாட்டில் இவற்றைத் திரையில் பார்த்தவர்கள்தான் அதிகம். கார்புரேட்டர் என்ற சாமான் மட்டும் நமக்கு அந்நியமல்ல. அம்பாசிடரிலும் பியட்டிலும் ஆரம்பகால மாருதி 800-லும் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தவர்களுக்கு, பாயிண்ட் தேய்ந்தால் வண்டி எப்படி முரண்டு பிடிக்கும் என்பது அனுபவப் பாடம்.

“என் வண்டி 300 குதிரைத்திறன், ஆனால் அந்த இழுப்பே இல்லை” என்பது உரிமையாளர்களின் வழக்கமான புலம்பல். அதில் பாதிக்குக் காரணம் அந்த 300 என்ற எண்தான். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் ‘கிராஸ்’ கணக்கில் சக்தியைச் சொல்லின. என்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஏர் கிளீனர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல், டைமிங்கை மிகச் சாதகமாக வைத்து அளந்த எண் அது. 1972 முதல் காரில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் ‘நெட்’ கணக்கு வந்தது. செவ்ரலேயின் 454 கன அங்குல எல்எஸ்5 என்ஜின் 1971-ல் 365. அடுத்த ஆண்டே 270. என்ஜின் ஒன்றும் அப்படி இளைத்துவிடவில்லை, தராசு மாறிவிட்டது. ஆக, 1969-ன் காகிதத்தில் 300 என்று எழுதியிருக்கும் வண்டி புத்தம் புதிதாக வந்த நாளிலேயே சாலையில் 300 கொடுத்ததில்லை. இல்லாத சக்தியைத் தேடிப் பணம் செலவழிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கார்புரேட்டர் கணக்குக்கு வருவோம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 350 கன அங்குல செவ்ரலே என்ஜினை நிமிடத்துக்கு 5,500 சுற்று வரை முடுக்குவதாக வைத்துக்கொள்வோம். 350-ஐ 5,500-ஆல் பெருக்கி 3,456-ஆல் (ஒரு கன அடியில் உள்ள கன அங்குலங்களின் இரு மடங்கு) வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 557 கன அடி காற்று. அதுவும் சிலிண்டர் முழுதாக நிரம்பினால்தான். தெருவில் ஓடும் என்ஜின் 85 சதவீதம் நிரம்பினாலே பெரிது. அப்படியானால் 470-ஐ ஒட்டித்தான் தேவை. 600 கன அடி கார்புரேட்டர் இதற்குத் தாராளம். இருந்தும் 750-ம் 850-ம் வாங்குகிறார்கள். பெரிய தொண்டையில் காற்று மெதுவாகப் போகும். வென்சூரியில் உறிஞ்சும் விசை குறையும். பெட்ரோல் பொடிப்பொடியாகச் சிதறாமல் சொட்டுச் சொட்டாக விழும். சிக்னலில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் திக்கித் திணறி, அப்புறம்தான் கிளம்பும்.

“ஜெனரல் மோட்டார்ஸ்காரனே 750 கன அடி குவாட்ராஜெட்டை மாட்டி அனுப்பினானே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1965-ல் வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டில் முன்னிரண்டு குழல்கள் சிறியவை, பின்னிரண்டு பெரியவை. சாதாரண ஓட்டத்துக்குச் சிறிய குழல்களே போதும். பெரியவற்றின் மேலே இருக்கும் மடல், என்ஜின் கேட்கும் அளவுக்குத்தான் திறக்கும். எண் 750 என்றாலும், என்ஜினுக்கு வேண்டியதை மட்டும் தருகிற அமைப்பு அது. அதைக் குப்பை என்று கேலிப்பெயர் வைத்துக் கழற்றி எறிந்தவர்களில் பலர், பிரித்துச் சுத்தம் செய்து மிதவை மட்டத்தைச் சரிபார்க்கச் சோம்பல்பட்டவர்கள் என்பது கறாரான, ஆனால் உண்மையான தீர்ப்பு.

கார்புரேட்டரைப் பழிக்கும் முன் அதற்குள்ளே எட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். என்ஜினை அணைத்து, ஏர் கிளீனரைத் தூக்கி வைத்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்க வேண்டும். மற்றவர் மேலிருந்து தொண்டைக்குள் பார்க்க வேண்டும். மிதித்த கணத்திலேயே ஆக்சிலேட்டர் பம்பிலிருந்து இரண்டு தாரை பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் பம்ப் டயாப்ரம் காய்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, திராட்டில் தகடுகள் செங்குத்தாக நிற்கின்றனவா? பல பழைய வண்டிகளில் நிற்காது. கேபிள் நீண்டிருக்கும், அல்லது பிற்பாடு போட்ட தடித்த கார்ப்பெட் பெடலைத் தரைதட்ட விடாது. ‘முழு வேகம்’ என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருந்தது முக்கால் வேகம். காசு செலவில்லாமல் கிடைக்கும் குதிரைத்திறன் இதுதான்.

அதைவிடப் பெரிய லாபம் டைமிங்கில், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தில் இருக்கிறது. தொழிற்சாலைக் குறிப்பேட்டில் பல ஸ்மால் பிளாக் செவ்ரலே வண்டிகளுக்கு ஐடிலிங்கில் 0 அல்லது 4 டிகிரி என்றே எழுதியிருக்கும். 10 முதல் 12 டிகிரியில் அதே என்ஜின் இன்னும் உற்சாகமாக எழும். மொத்த அட்வான்ஸ் 34 முதல் 36 டிகிரிக்குள், நிமிடத்துக்கு 2,500–3,000 சுற்றுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் குட்டி ஸ்பிரிங்குகளை மாற்றினால் போதும். பாப்கேட் கிட்டில் செய்த அதே வேலை.

செய்முறையும் எளிது. வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து, டைமிங் லைட்டை முதல் பிளக் வயரில் கவ்வவைத்து, வெளிச்சத்தைக் கிராங்க் பாலன்சரின் கோட்டில் பாய்ச்ச வேண்டும். சுழலும் கோடு வெளிச்சத்தில் உறைந்து நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மெல்லத் திருப்பினால் கோடு நகரும். இங்கே ஒரு பொறி உண்டு. பாலன்சரின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கிறது. 50 ஆண்டில் அந்த ரப்பர் தளர்ந்து வளையம் நழுவியிருக்கலாம். கோடு பொய் சொன்னால் லைட்டும் பொய்தான் சொல்லும். முதல் பிஸ்டனின் உச்ச நிலையை உறுதிசெய்துகொள்ளாமல் டைமிங்கில் கைவைப்பது ஆபத்து. மலை ஏறும்போது மணி குலுக்கியதுபோல் நாக்கிங் கேட்டால் இரண்டு டிகிரி பின்வாங்கிவிட வேண்டும்; வீம்பு பிடித்தால் பிஸ்டன் போய்விடும். வேலை முடிந்ததும் வேக்குவம் குழாயைத் திரும்ப மாட்ட வேண்டும். ரேஸ் வண்டியில் இல்லை என்பதற்காகத் தெரு வண்டியிலும் அதைப் பிடுங்கிவிடுகிறவர்கள் சூடேறும் என்ஜினையும் வீணாகும் பெட்ரோலையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்கும் முதல் பொருள் எலெக்ட்ரானிக் இக்னிஷனாக இருக்கட்டும். வி8 என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நொடிக்கு 400 தீப்பொறி கேட்கிறது. பாயிண்ட் என்ற சின்னத் தகடு நொடிக்கு 400 முறை திறந்து மூட வேண்டும். அது துள்ளும், கருகும், இடைவெளி மாறும். கிரைஸ்லர் 1973-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1975-லும் தங்கள் கார்கள் முழுவதிலும் பாயிண்டைக் கைவிட்டன. இப்போது பெர்ட்ரானிக்ஸ் போன்ற கிட்டுகள் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். வெளியே பார்த்தால் 1968, உள்ளே பாயிண்ட் இல்லை. பழைய வயரிங்கில் காயிலுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர் இருக்கும். அதைக் கவனிக்காமல் மாட்டிவிட்டுப் பொருளைத் திட்டக் கூடாது.

பெட்ரோல் குழாயையும் இதே சமயத்தில் மாற்றிவிட வேண்டும். இன்றைய அமெரிக்க பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. சூடான வி8-க்கு மேலே கசியும் ஒரு குழாய் எத்தனை குதிரைத்திறனையும் சாம்பலாக்கிவிடும்.

இனி பிரேக். மசில் கார் விளம்பரங்கள் அடக்கி வாசித்த விஷயம் இது. 325 குதிரைத்திறன் என்று மார்தட்டிய 1964 ஜிடிஓவின் நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம் பிரேக்தான். ஒரு முறை அழுத்திப் பிடித்தால் நிற்கும். அடுத்தடுத்துப் பிடித்தால் சூடேறி வழுக்கும். ஜிடிஓவில் முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967-ல்தான் கிடைத்தது, அதுவும் தனிக்காசு கொடுத்தால். அதைவிட மோசம், 1966 வரையிலான பெரும்பாலான அமெரிக்க வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் பெடல் தரையைத் தொடும், நான்கு சக்கரமும் கைவிரிக்கும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கர டிஸ்க்கும் எல்லாப் பிரபல மாடல்களுக்கும் கிட்டாகக் கிடைக்கின்றன. இதை ‘வேக மேம்பாடு’ என்று யாரும் பெருமையடிப்பதில்லை. அடிக்க வேண்டும்.

பந்தயக் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பிக்கு அது தெரிந்திருந்தது. 1965-ல் ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்து ஜிடி350 என்ற பந்தயக் குதிரையாக அவர் மாற்றியபோது, 289 கன அங்குல என்ஜினின் சக்தி 271-லிருந்து 306 ஆனது. பெரிய ஹாலி கார்புரேட்டர், அலுமினிய இன்டேக், ஹெடர் எல்லாம் சேர்ந்து கூடியது 35. மீதி உழைப்பெல்லாம் கீழே போனது. முன்சக்கர சஸ்பென்ஷனின் மேல்கைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள், கோனி ஷாக் அப்சார்பர் போட்டார்கள், பின் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தண்டுகள் வைத்தார்கள், முன்னே டிஸ்க் பிரேக், பின்னே பெரிய டிரம், நல்ல டயர், வேகமாகத் திரும்பும் ஸ்டீயரிங். பின் இருக்கையைத் தூக்கி எறிந்தார்கள். பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ் ஓட்டிப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வண்டி அது. அந்த மேல்கை மாற்றம் இன்றும் ‘ஷெல்பி டிராப்’ என்ற பெயரில் பிழைத்திருக்கிறது. நாலு துளை போடும் கூலிதான் செலவு; பழைய மஸ்டாங் வளைவில் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

டயருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பழைய பயாஸ் பிளை டயரைக் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு ரேடியல் போட வேண்டும். பக்கவாட்டில் பொறித்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்கவும்: 2309 என்றால் 2009-ன் 23-ஆம் வாரம். வாரத்துக்கு ஒருநாள் ஓடும் வண்டியில் டயர் தேய்வதில்லை, கிழடாகிறது. தேயாத பட்டனைக் கண்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

இவ்வளவும் முடிந்த பிறகு வேகம் கேட்கிறவருக்குப் பின் அச்சின் கியர் விகிதத்தைச் சொல்லலாம். 2.73 விகிதத்தில் வந்த வண்டிக்கு 3.55 போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 30 சதவீதம் கூடும். கார்புரேட்டர் மாற்றி இந்த 30 சதவீதத்தை யாரும் பார்த்ததில்லை. இதற்கும் விலை உண்டு. 26 அங்குல டயரில் மணிக்கு 70 மைல் போகும்போது 2,470-ல் சுற்றிய என்ஜின் இனி 3,200-ல் கத்தும். நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் வரை பொறுத்திருப்பதே மேல்.

கேம்ஷாஃப்ட்டில் கைவைப்பதுதான் ஆரம்பக்காரரின் பெரிய சறுக்கல். ஐடிலிங்கில் குலுங்கிக் குலுங்கி அதிரும் அந்தச் சத்தத்துக்காகவே பெரிய கேம் போடுகிறார்கள். இன்டேக்கில் வேக்குவம் விழுந்துவிடும். பவர் பிரேக் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. சத்தம் வந்தது, பிரேக் போனது. தட்டையான டாப்பெட் கொண்ட பழைய என்ஜின்களுக்கு வேண்டிய துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம் இன்றைய சாதாரண ஆயிலில் குறைவு என்பதால், புதுக் கேம் முதல் ஓட்டத்திலேயே தேய்ந்துபோவதும் நடக்கிறது.

கார்புரேட்டரை மாற்றவே கூடாது என்று இங்கே யாரும் விரதம் எடுக்கச் சொல்லவில்லை. இரட்டைக் குழல் கார்புரேட்டரோடு வந்த வண்டிக்கு நான்கு குழலும் அதற்கேற்ற அலுமினிய இன்டேக்கும் இரட்டைச் சைலன்சரும் நல்ல முதலீடு. 1969-ல் செவ்ரலேயே ஒரே 350-ஐ இரட்டைக் குழலில் 250 என்றும் நான்கு குழலில் 300 என்றும் விற்றது; கம்ப்ரஷனும் சேர்ந்து மாறியது என்பதை மறக்க வேண்டாம். திராட்டில் பாடி எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கிட்டுகளும் பாவமல்ல. குளிர்காலக் காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பும். ஆனால் நழுவிய டைமிங்கையும் காய்ந்த பிளக் வயரையும் எந்தக் கம்ப்யூட்டரும் குணப்படுத்தாது. கார்புரேட்டர் மேல் போட்ட பழியைத் தூக்கி இன்ஜெக்‌ஷன் மேல் போடும் வேலைதான் மிஞ்சும்.

‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் பறக்கவிட்ட 1968 மஸ்டாங்கைப் படப்பிடிப்புக்குத் தயார்செய்த மாக்ஸ் பால்சவ்ஸ்கியும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், உடம்பின் முட்டுகள் இவற்றை வலுப்படுத்துவதில்தான் பெரும் கவனம் வைத்தார். அந்தக் கார் 2020 ஜனவரியில் ஃப்ளோரிடா ஏலத்தில், கட்டணம் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. பெயின்ட் உரிந்து, துரு ஏறிய அதே கோலத்தில்தான் விற்றது.

எல்லார் வீட்டு மஸ்டாங்கும் மெக்குவீன் ஓட்டியதல்ல. ஆனாலும் இந்தச் சந்தையில் பிறந்தபோது இருந்த உதிரிபாகம் கூடவே இருக்கும் வண்டிக்குத் தனி மதிப்பு. கழற்றிய பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர், குவாட்ராஜெட், டிரம் எதையும் இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, பெட்டியில் கட்டி, எதிலிருந்து கழற்றியது என்று எழுதி வையுங்கள். விற்கும் நாளில் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.